ஹோமருக்காகக் காத்திருந்தவர்

பெட்ரார்க் என்றதும் ஆங்கில இலக்கியம் பயிலும் நமக்குச் சானெட் என்னும் பதினான்கடிப் பாவும், லாரா என்னும் காதலியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் என் நெஞ்சைத் தொட்டது அவருடைய வேறொரு காதல். தம்மால் படிக்கவே முடியாத ஒரு நூலின்மீது அவர் வைத்த காதல் அது.

1304-இல் இத்தாலியின் அரெசோ நகரில் அவர் பிறந்தார். தந்தையார் பிளாரன்சிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். மகன் வழக்கறிஞனாக வேண்டுமென்பது அவர் ஆசை. மகனோ காவியங்களை ஒளித்துவைத்துப் படித்தான். அதைக் கண்டுபிடித்த தந்தை நூல்களைத் தீயிலிட்டார்; பிறகு மகனின் அழுகைக்கு மனமிரங்கி, வர்ஜில் நூலொன்றையும் சிசரோ நூலொன்றையும் நெருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். 1326-இல் தந்தை மறைந்தார். சட்டப் படிப்பும் அதோடு முடிந்தது. 1341-இல் ரோமாபுரியில் அவருக்குக் கவிஞர் முடி சூட்டப்பட்டது.

முடி சூடியும் ஒரு குறை அவரை வாட்டியது. அவர் போற்றிய வர்ஜில் ஹோமரைப் பின்பற்றியவர். அந்த ஹோமரை மூலத்தில் படிக்கவல்லார் அன்றைய மேற்கு ஐரோப்பாவில் மிக அரியர். 1342-இல் அவிஞான் நகரில் பார்லாம் என்ற துறவியிடம் பெட்ரார்க் கிரேக்கம் கற்கத் தொடங்கினார். அரிச்சுவடி தாண்டுமுன்னரே துறவிக்கு ஆயர் பதவி கிடைத்தது; ஆசிரியர் போய்விட்டார். அந்தப் பதவிக்குத் துணைநின்றவர் மாணவரே என்பதுதான் வேடிக்கை!

1354-இல் நிக்கோலாஸ் சிகெரோஸ் என்ற பைசாந்தியத் தூதர் அனுப்பிய ஹோமரின் கிரேக்க ஏடு அவர் கைக்கு வந்தது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பெருமூச்சுவிட்டார். ஓர் அடியும் விளங்கவில்லை. 1360-இல் ஹோமருக்கே ஒரு கடிதமும் எழுதினார்.

1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது, அறிஞர்கள் ஏடுகளோடு ஓடிவந்தனர், மறுமலர்ச்சி பிறந்தது என்று பாடநூல்களில் படித்திருக்கிறோம். அதற்கு 99 ஆண்டுகள் முன்பே ஒருவர் அந்த ஏட்டை வைத்துக்கொண்டு ஏங்கியிருக்கிறார். பசி முதலில் வந்தது, சோறு பிறகுதான் வந்தது என்பேன்.

அவர் நண்பர் பொக்காச்சியோ, லியோன்சியோ பிலாத்தோ என்பவரைப் பிளாரன்சுக்கு அழைத்துவந்து, கிரேக்கம் கற்பிக்கவும் ஹோமரை லத்தீனில் பெயர்க்கவும் ஏற்பாடு செய்தார். பிலாத்தோ முரட்டு மனிதர். மொழிபெயர்ப்பும் சொல்லுக்குச் சொல் வைத்த கரடுமுரடான உரைநடை. ஆயினும் இலியத்தும் ஒடிசியும் மேற்கே மீண்டும் நுழைந்த வாசல் அதுவே. 1397-இல் கிரிசோலோராஸ் பிளாரன்சில் முறையாகக் கிரேக்கம் கற்பித்ததும், 1488-இல் அந்நகரிலேயே ஹோமர் முதன்முதலாக அச்சேறியதும் பின்வந்த கதை.

பெயர்ப்பின் படி பெட்ரார்க்கை அடைந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். ஓரங்களில் குறிப்பெழுதிக்கொண்டே படித்தார். இரவில் கண்விழித்துப் படிக்கும் பொக்காச்சியோவுக்குக் குளிர்கால அங்கி வாங்க 50 பொற்காசுகளை 1370-இல் தம் உயிலில் எழுதிவைத்தார். 1374 ஜூலையில், எழுபது நிறைய ஒரு நாள் இருக்கையில், ஆர்க்குவா என்னும் சிற்றூரில் மறைந்தார். அவர் கைக்குறிப்புகள் கொண்ட அந்த ஹோமர் பாரிசு தேசிய நூலகத்தில் இருக்கிறது.