சராசரி 25, ஆனாலும் சிக்சர் மன்னர்: சி.கே.நாயுடு

மைசூர் சமஸ்தானத்தின் கிரிக்கெட் அணி 1945-46 பருவத்தில் ரஞ்சி கோப்பை அரையிறுதி ஆட்டத்துக்காக இந்தூர் சென்றது. எதிரணி ஹோல்கர்.

முதலில் ஆடிய ஹோல்கர் 8 விக்கெட்டுக்கு 912 ரன் குவித்தது. ஒரே இன்னிங்சில் 6 பேர் சதம் அடித்தார்கள். மைசூர் பந்து வீச்சாளர் பி.கே.கருடாச்சார் மட்டும் 301 ரன் கொடுத்தார்; 4 விக்கெட்டும் எடுத்தார். பிறகு மட்டை பிடித்து 164 ரன் அடித்தார் அந்த மனிதர். ஆனாலும் மைசூர் ஒரு இன்னிங்ஸ், 213 ரன் வித்தியாசத்தில் தோற்றுப் போனது.

சதம் அடித்த 6 பேரில் ஒருவர் ஹோல்கர் அணித் தலைவர் சி.கே.நாயுடு. அவர் எடுத்தது 101 ரன். அப்போது அவருக்கு வயது 50!

பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும் வயது அது. அவரோ அதோடு நிற்கவில்லை. அடுத்து பரோடாவுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் 200 ரன் அடித்தார். வாழ்நாளில் அவர் எடுத்த மிக அதிக ரன் அதுதான். ரஞ்சி கோப்பை முதல் முறையாக ஹோல்கருக்குக் கிடைத்தது.

நாகபுரி இளைஞர்

கொட்டாரி கனகையா நாயுடு 1895 அக்டோபர் 31-ந் தேதி நாகபுரியில் பிறந்தார். தெலுங்குக் குடும்பம். 1916-ல் பெரிய ஆட்டங்களில் அடியெடுத்து வைத்தார். 1923-ல் இந்தூர் மகாராஜா அவரை அழைத்துத் தம் படையில் அதிகாரி ஆக்கினார். பிற்காலத்தில் அவர் "கர்னல்" என்றே அழைக்கப்பட்டார். நல்ல உயரம், நிமிர்ந்த நடை.

1926 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணியை இந்துக்கள் அணி சந்தித்தது. நாயுடு களம் இறங்கினார். 116 நிமிடத்தில் 153 ரன்! அதில் 11 சிக்சர்கள். செய்தி பரவி, மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. வெள்ளைக்கார அணியே அவருக்கு வெள்ளி மட்டை பரிசளித்தது.

இந்தியர்களாலும் டெஸ்ட் ஆட முடியும் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. 1928-ல் கிரிக்கெட் வாரியம் அமைந்தது. 1932 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட். சுற்றுப்பயணத்தின் தலைவர் போர்பந்தர் மகாராஜா தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். துணைத் தலைவருக்கு முதுகில் காயம். ஆகவே தலைமை நாயுடுவிடம் வந்தது. பந்தைத் தடுத்தபோது கையில் பட்ட அடியோடு ஆடி 40 ரன் எடுத்தார். முதல் இன்னிங்சில் இந்தியத் தரப்பில் அதுவே அதிகம்.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி ஏட்டைப் புரட்டினால் ஏமாற்றம்தான். நாயுடு ஆடிய டெஸ்டுகள் 7. இன்னிங்ஸ் 14. மொத்தம் 350 ரன். ஒரு தடவைகூட ஆட்டமிழக்காமல் திரும்பவில்லை. ஆகவே சராசரி சரியாக 25. சதம் ஒன்றுகூட இல்லை, அதிகபட்சம் 81.

முதல்தர ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் 11,825 ரன், சராசரி 35.94. அவர் காலத்திலேயே ஆடிய விஜய் மெர்ச்சண்டின் சராசரி 71.64. ஏறக்குறைய இரு மடங்கு! ஏட்டை மட்டும் பார்க்கும் குமாஸ்தா, நாயுடு அரை மெர்ச்சண்ட் என்று எழுதி மூடிவிடுவார்.

ஆனால் சராசரி என்பது என்ன? எடுத்த ரன்னை, அவுட் ஆன எண்ணிக்கையால் வகுப்பது. எவ்வளவு நேரத்தில் எடுத்தார் என்று அது கேட்பதில்லை. ஆறு மணி நேரம் நின்று எடுத்த 100-க்கும், ஒன்றரை மணியில் விளாசிய 100-க்கும் அதில் ஒரே மதிப்பு.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இந்தக் குறைக்கு வழி கண்டார்கள். அங்கே பேப் ரூத் என்று ஒரு மாவீரர். அவரும் 1895-ல் பிறந்தவரே. அடிக்கச் சென்ற 1,000 வாய்ப்புகளில் சுமார் 342-ல் வெற்றி கண்டவர். அங்கே அதோடு கணக்கை முடிப்பதில்லை. ஓர் அடியில் ஒரு தளம் போனால் 1, ஹோம் ரன் என்றால் 4 என்று அடியின் பலத்தையும் கூட்டி வகுக்கிறார்கள். அந்தக் கணக்கில் ரூத்துக்கு 1,000-க்கு 690. எத்தனை முறை அடித்தார் என்பது ஒரு பத்தி. எவ்வளவு பலமாக அடித்தார் என்பது இன்னொரு பத்தி.

நாயுடுவுக்கு அந்த இரண்டாவது பத்தியை யாரும் எழுதி வைக்கவில்லை. சந்தித்த பந்துகளை எண்ணி அச்சிடும் வழக்கம் அன்று பெரும்பாலும் இல்லை. கிடைப்பது நிமிடக் கணக்குதான். பம்பாய் ஆட்டத்தில் மணிக்கு 79 ரன். அந்த 153-ல் 66 ரன் சிக்சர்களிலேயே வந்தது; அதாவது நூற்றுக்கு 43 பங்கு. 1932 சுற்றுப்பயணத்தில் 32 சிக்சர் அடித்ததாகச் சொல்வார்கள். அதில் ஒன்று பர்மிங்காம் மைதானத்தை ஒட்டி ஓடும் ரீ நதியைத் தாண்டி அடுத்த மாவட்டத்தில் விழுந்ததாம். ஏட்டில் அதற்கும் 6 ரன்தான்.

வயதையும் கூட்ட வேண்டும். முதல் டெஸ்டில் இறங்கும்போதே நாயுடுவுக்கு 36. அந்த 81 ரன்னை 1936-ல் ஓவல் மைதானத்தில் எடுத்தபோது 40. பிராட்மன் ஓய்வு பெற்ற வயது அது. நாயுடுவின் நல்ல காலமெல்லாம் இந்தியாவுக்கு டெஸ்டே இல்லாத காலம். அதைச் சேர்த்து எடை போடாமல் 25-ஐ மட்டும் காட்டுவது நியாயம் ஆகாது. 1932 பயணத்தில் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது 1,618 ரன், சராசரி 40.45. போதாக்குறைக்கு 65 விக்கெட்!

68 வயதில்...

ஹோல்கர் அணி நான்கு முறை ரஞ்சி கோப்பையை வென்றது. 1956-57-ல், 61 வயதில், நாயுடு உத்தரப் பிரதேசத்துக்காக ரஞ்சி ஆடினார். ராஜஸ்தானுக்கு எதிராக 84 ரன். கடைசி ரஞ்சி இன்னிங்சில் 52 ரன். 1963-64-ல் நன்கொடை ஆட்டம் ஒன்றில் இறங்கியபோது வயது 68.

1967 நவம்பர் 14-ந் தேதி இந்தூரில் காலமானார். அவர் பெயரில் இளைஞர்களுக்கான கோப்பைப் போட்டியை கிரிக்கெட் வாரியம் நடத்தி வருகிறது. மைசூர் அணி 1973-ல் கர்நாடக அணி என்று பெயர் மாறியது. அதற்கு எதிராக ஹோல்கர் குவித்த 912 ரன், 1993-94-ல் ஐதராபாத் 944 ரன் எடுக்கும் வரை ரஞ்சி கோப்பையில் முறியடிக்கப்படாமல் இருந்தது.