சித்திரக்காரர் பால் கிளே

சருமம் இறுகித் தடித்துப்போகும் ஒரு வியாதி உண்டு. ஸ்க்ளீரோடெர்மா என்பது அதன் பெயர். கடினத்தோல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆயது. இதனைக் குஷ்டமென மயங்கி விலகுவார் நம் ஆரம்பாக்கப் பக்கத்திலும் உளர். இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. இதன் இயல்பை அறிய, இதனால் வருந்திய ஒரு கலைஞரின் சரிதம் துணைசெய்யுமாதலின் அதனைக் கூறப் புகுந்தோம்.

பால் கிளே 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜெர்மானியர், சங்கீத ஆசிரியர். மைந்தர் பிடில் வாசிப்பதில் தேர்ந்திருந்தும் சித்திரத்தையே வாழ்வாகக் கொண்டார். 1921 முதல் 1931 வரை ஜெர்மனியில் பௌஹௌஸ் கலாசாலையிலும், பின்னர் டுஸல்டார்பிலும் ஆசிரியராய் விளங்கினார். 1933-இல் நாஜி அரசாங்கம் அவரைப் பதவியினின்று நீக்கவே, பெர்னுக்கு மீண்டார்.

1935-இல் நோய் தொடங்கிற்று. முதலில் அம்மையென்று எண்ணினர். நாளடைவில் முகத்தோல் இறுகியது. உணவுக்குழலும் இறுகவே, நீர்த்த உணவே அவருக்கு ஆதாரமாயிற்று. பிடிலையும் கைவிட்டார். அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே, கடிதங்களையும் புகைப்படங்களையும் ஆராய்ந்த மருத்துவர் இஃது ஸ்க்ளீரோடெர்மாவே எனத் துணிந்தனர்.

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவதால் இந்நோய் விளைகின்றது. சிறு இரத்தக் குழாய்கள் குறுகுகின்றன. தோலிலும் உள்ளுறுப்புகளிலும் நார்ப்பொருள் மிகுந்து படிகின்றது. குளிரில் விரல் நுனிகள் வெளுத்துப்போதல் பெரும்பாலும் முதற்குறியாகும். கல், மணல் ஆகியவற்றின் நுண்தூளை நெடுங்காலம் சுவாசிப்போர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் அத்தகைய வேலை செய்யும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் நலம். இந்நோயால் பழுதுறும் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள் இன்று உள. கிளேயின் காலத்தில் இல்லை.

1936-இல் அவர் முடித்த சித்திரங்கள் இருபத்தைந்தே. 1939-லோ ஆயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்டன! அவற்றுள் தேவதூதர் உருவங்கள் பல. கோடுகளும் முன்னையினும் தடித்தவை. விரல் இறுகினமையால்தான் கோடு தடித்தது என்பாரும் உளர். ஓராண்டில் அத்துணை தீட்டிய கையைப்பற்றி அங்ஙனம் முடிவுகூற நாம் துணியோம்.

சுவிஸ் மண்ணிற் பிறந்தும் தந்தைவழியால் ஜெர்மானியப் பிரஜையாகவே இருந்த கிளே, சுவிஸ் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்திருந்தார். அது கிட்டுமுன், 1940-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், லொகார்னோவை அடுத்த முரால்டோவில் உயிர்துறந்தார்.