மருத்துவ அறிஞர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ்

பச்சையாறு பாயும் எமது களக்காட்டில் ஒருவர்க்கு இருமல் மாதக்கணக்கில் நீடிக்குமாயின், இல்லத்தார் உள்ளத்தில் ஈரச்சங்கள் எழும். ஒன்று காசநோய், மற்றொன்று புற்றுநோய். பாளையங்கோட்டைக்குச் சென்று படம் எடுத்தால் நுரையீரலில் வெண்புள்ளி ஒன்று தோன்றும். அது ஆறிப்போன பழைய காசத்தின் தழும்போ, உயிர்க்கு உலைவைக்கும் புற்றோ என்பதைப் படம் ஒன்றே தெரிவித்துவிடாது. இவ்விரண்டையும் பிரித்தறியக் குருதியிலும் திசுவிலும் உள்ள புரதங்களை ஆராயும் முறை இந்நாளில் வளர்ந்து வருகின்றது. அந்நெறிக்கு முதற்கால் நாட்டிய அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1813-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள் இங்கிலாந்து தேயத்துச் சஃபோக் நாட்டில் பிறந்தார். ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்று, இலண்டன் புனித ஜார்ஜ் மருத்துவசாலையில் மருத்துவம் கற்றார். அவ்வளவில் அமையாது, 1841-இல் ஜெர்மனி தேயத்துக் கீசன் நகரையடைந்து, லீபிக் என்னும் பேராசிரியரிடம் இரசாயன நூலும் கற்றுத் தேர்ந்தார்.

1845-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மேக்கின்டயர், வாட்சன் என்னும் மருத்துவர் இருவர் நோயாளி ஒருவரின் சிறுநீரை அவர்பால் அனுப்பி, அதன்கண் உள்ள பொருள் யாதென வினவினர். நோயாளி ஒரு மளிகை வணிகர். எலும்பு நோவால் பெரிதும் வருந்தியவர். முட்டையின் வெண்கரு சூட்டில் ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாது என்பதை நாமனைவரும் அறிவோம். இந்நீரோ அமிலம் இட்டபின் உறைந்தது, சூடேற்றக் கரைந்தது, ஆறியதும் மறுபடி உறைந்தது. அஃது இயல்புக்கு மாறான புரதம் என்பதை ஜோன்ஸ் உணர்ந்தார். 1846-இன் தொடக்கத்தில் வணிகர் இறந்தார். உடலைச் சோதித்தபோது எலும்புகள் மென்மையுற்று நொறுங்கும் நிலையிலிருந்தன. ஜோன்ஸ் தம் ஆராய்ச்சியை 1847, 1848 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டு, இத்தகைய நோயாளிகளிடம் இப்பொருளை இனியும் தேடிப் பார்த்தல் வேண்டுமென வற்புறுத்தினார். எலும்பு மச்சையிற் தோன்றும் புற்றின் அடையாளம் அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1962-இல் எடெல்மன், காலி என்னும் அறிஞர் அப்புரதத்தின் அமைப்பையும் விளக்கினர்.

அப்புரதத்தின் விந்தையை முதற்கண் கண்டவர் மேக்கின்டயரே. ஆயினும் ஜோன்ஸின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. வரலாறு கற்போர் இருவரையும் ஒருங்கே நினைத்தல் அறமாகும்.

ஜோன்ஸ் 1860 முதல் இராயல் இன்ஸ்டிடியூஷனின் செயலாளராய்ப் பணியாற்றினார். தம் நண்பர் ஃபாரடேயின் சரித்திரத்தை 1870-இல் எழுதி வெளியிட்டார். 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார்.

அவர் காட்டிய வழியிற் பலர் சென்றனர். 1965-இல் கனடாவில் கோல்டு, ஃப்ரீட்மன் என்போர் குடற்புற்றிலும் கருவிலுள்ள சிசுவின் குடலிலும் காணப்படும் ஒரு புரதத்தைக் கண்டனர். நுரையீரற் புற்றிலும் அது மிகுவதுண்டு; ஆனால் புற்றில்லாத புகைப்பழக்கத்தினரிடமும் மிகுவதுண்டு. 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, குருதியிலுள்ள இரு புரதங்களின் அளவை நோயாளியின் வயது, புகைப்பழக்கம், புள்ளியின் பருமன் முதலியவற்றோடு சேர்த்துக் கணித்து, தீங்கற்றவற்றைப் பிரித்தறிய முயன்றது. எனினும் ஐயம் மிகுமிடத்துத் திசுவை எடுத்து நுண்ணோக்கியிற் காண்பதே உறுதி தரும்.

தழும்பைப் புற்றென மயங்கின் நலமுற்ற மார்பு வீணே அறுபடும். புற்றைத் தழும்பென மயங்கின் உயிரே போகும். ஆதலின், ஒன்றுபோல் தோன்றும் இரண்டைப் பொறுமையோடு வேறுபிரித்தறிதலே கல்வியின் பயன் என்பதை, ஒரு குப்பி நீரை அலட்சியம் செய்யாது ஆராய்ந்த அப்பெரியார் வாழ்க்கையினின்று மாணவராகிய நாம் கற்றுக்கொள்வோமாக.