மதுரையின் பேர் வைத்த நோயும் டாக்டர் கார்ட்டரும்

இந்த மாதம் நான் எழுதுவது ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற டாக்டரைப் பற்றி. 1831 மே 22 அன்று இங்கிலாந்தில் ஹல் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஸ்கார்பரோ. அதுவும் நம்ம தொண்டி மாதிரி கடற்கரை ஊர்தான். அப்பா ஓவியர். அதனால் மகனுக்கும் வரைகிற கை.

லண்டனில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவம் படித்தார். அங்கே ஹென்றி கிரே என்பவர் மனித உடலைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதற்கு 363 படம் வரைந்தது கார்ட்டர். எலும்பு, நரம்பு பேரை எல்லாம் படத்தின் மேலேயே எழுதினார், தேட வேண்டாம். 1858-ல் வந்த அந்த 'கிரேஸ் அனாட்டமி' புத்தகம் இன்னும் புதுப்பித்து அச்சாகிறது. கிரேக்கு ஒவ்வொரு ஆயிரம் பிரதிக்கும் பணம். கார்ட்டருக்கு ஒரே தடவை 150 பவுன், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் அவர் பேரையும் சின்ன எழுத்தாக்கி விட்டார்கள். எனக்கு இது நியாயமாப் படலை.

அதே வருஷம் அவர் இந்தியாவுக்கு வந்து பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். அங்கேதான் நம்ம பக்கத்துப் பேர் கொண்ட ஒரு நோயைப் பார்த்தார். 1842-ல் மதுரையில் ஜான் கில் என்ற டாக்டர் எழுதி வைத்த நோய் அது. மதுரா பாதம் என்று பேர்.

வெறுங்காலில் நடக்கும்போது முள் குத்தும். மண்ணில் இருக்கிற பூஞ்சை அந்த வழியா உள்ளே போகும். முதலில் சின்ன வீக்கம். வலிக்காது. அதுதான் மோசம், வலிக்காததால் யாரும் டாக்டரிடம் போக மாட்டாங்க. எங்க அப்பத்தா சீமைக் கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போகும்போதும் செருப்புப் போடாது. முள் குத்தினா ஊக்கால் எடுத்துப் போட்டுட்டு நடக்கும். அந்த நோயில் வருஷக் கணக்கில் கால் வீங்கி, ஓட்டை ஓட்டையாகி, கடுகு மாதிரி கறுப்பு மணிகள் சீழோடு வரும். கடைசியில் எலும்பையும் அரிக்கும். அந்தக் காலத்தில் காலை வெட்டுவதுதான் வைத்தியம்.

கார்ட்டர் அந்த மணிகளை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே பூஞ்சை இழை இருப்பதை 1860-ஐ ஒட்டிச் சொன்னார். மைசிட்டோமா, அதாவது பூஞ்சைக் கட்டி என்று பேர் வைத்தார். 1874-ல் இதற்கென்றே புத்தகம் எழுதினார். சிலருக்கு இது பாக்டீரியாவாலும் வரும் என்பது பிற்பாடு தெரிந்தது. கறுப்பு மணிப் பூஞ்சை ஒன்றுக்கு மதுரெல்லா என்று பேர், மதுரையை வைத்துத்தான்.

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கே, அது ஏன் பூஞ்சையை விடுகிறது என்று கேட்கலாம். விடவில்லை. மணியைச் சுற்றி வளைத்து நிற்கும். ஆனா மணி கெட்டி ஓடு மாதிரி, விழுங்க முடியாது. 2007-ல் கிரிப்டோகாக்கஸ் என்ற வேறொரு பூஞ்சையில் இன்னொரு தந்திரம் தெரிந்தது. அது ரொம்ப ரொம்பச் சின்னப் பைகளை வெளியே அனுப்புகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாப் பிரிச்ச மாதிரி அளவு. உள்ளே நொதியும் நம்மைத் தாக்கும் சரக்கும் இருக்கும். அதை வெள்ளை அணு விழுங்கும். சில நேரம் ஏமாந்து போகும், சில நேரம் உஷாராகி நல்லாச் சண்டை போடும். அதனால் இந்தப் பைகளை வைத்துத் தடுப்பூசி செய்யலாமா என்று ஆராய்கிறார்கள்.

2016-ல்தான் உலக சுகாதார நிறுவனம் மைசிட்டோமாவைக் கவனிக்காமல் விட்ட நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இப்போ மாத்திரை உண்டு, ஆனா மாசக் கணக்கில் சாப்பிடணும். சிலருக்கு இன்னும் அறுவை வேண்டியிருக்கு.

தாது வருஷப் பஞ்ச காலத்தில், 1877-ல், பம்பாயில் விட்டு விட்டு வந்த ஒரு காய்ச்சலின் கிருமியையும் கார்ட்டர் இரத்தத்தில் பார்த்தார். தொழுநோயைப் படிக்க நார்வே வரை போனார். 1888-ல் ஓய்வு பெற்று ஸ்கார்பரோவுக்கே திரும்பி, 1897 மே 4 அன்று காசநோயில் இறந்தார். அப்போது வயது 65.

- 9-ஆம் வகுப்பு மாணவி, தொண்டி