ஹிரோஷிமாவை வரைந்த தோஷி மாருகி

ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா தினம். பள்ளிப் பேச்சுப்போட்டிக்குத் தயாராகும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் இவரையும் தெரிந்துகொள்ளலாம்.

தோஷி மாருகி, 1912இல் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பிறந்த ஓவியர். ஹிரோஷிமா அவருடைய கணவர் இரியின் சொந்த ஊர். குண்டு விழுந்த சில நாட்களிலேயே இருவரும் அங்கே போய், காயம்பட்டவர்களுக்கு உதவினார்கள். கண்ட காட்சிகளை 1950 முதல் 1982 வரை 15 பெரிய ஓவியங்களாக வரைந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 மீட்டர் நீளம்.

தன் மக்களின் துயரத்தை யாரும் வரைவார்கள். குண்டில் இறந்த கொரியர்களின் உடல்கள் கேட்பாரற்றுக் காக்கைக்கு இரையானதையும், அமெரிக்கப் போர்க்கைதிகள் மாண்டதையும், நான்ஜிங்கில் ஜப்பானியப் படை செய்த படுகொலையையும் வரைந்தார்களே, அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்!

தோஷி 2000இல் காலமானார். சைதாமாவில் தம்பதி 1967இல் திறந்த ஓவியக்கூடத்தில் 14 ஓவியங்கள் இருக்கின்றன, 15ஆவது நாகசாகியில்.