எர்ஷோவின் நடுமொழி

கம்பைலர் டிசைன் பேப்பர்ல எல்லாரும் த்ரீ அட்ரஸ் கோட் எழுதியிருப்போம். சோர்ஸ் கோடும் இல்லாம மெஷின் கோடும் இல்லாம நடுவுல எதுக்கு இன்னொரு மொழின்னு எரிச்சலும் வந்திருக்கும். அந்த நடுமொழிக்காகப் பல வருஷம் மல்லுக்கட்டியவர் ஆந்திரேய் எர்ஷோவ்.

1931-ல் மாஸ்கோவில் பிறந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்தது இயற்பியலில். ஆனால் போர்க்காலத்தில் ஜெர்மன் படை பிடித்த ஊரில் இருந்தவர் என்பதால் அந்தப் படிப்பைத் தொடர விடவில்லை. சின்னப் பையன் என்ன பண்ணியிருப்பான்? கணிதத்துக்கு மாறினார். அங்கே லியாபுனோவ் புரோகிராமிங் நடத்திக்கொண்டிருந்தார். நமக்கு லாபம்!

பெஸ்ம் கணினிக்காக எழுதிய கம்பைலர் பற்றிய அவருடைய புத்தகம் 1958-ல் வந்தது. அடுத்த வருஷமே இங்கிலீஷிலும். பிறகு சைபீரியாவில், நோவோசிபிர்ஸ்க் பக்கத்தில் புதுசாக எழுந்த விஞ்ஞானிகள் நகருக்குப் போனார். அங்கே 1964-ல் முடிந்தது ஆல்ஃபா கம்பைலர். அது ஓடிய எம்-20 மெஷினின் மெமரி வெறும் 4096 சொற்கள். இன்றைய ஒரு செல்ஃபிக்குக்கூடப் பத்தாது. எந்தெந்த மாறிகள் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கலாம் என்பதை கிராஃப் கலரிங் கணக்காகவே பார்த்தார். ரெஜிஸ்டர் அலொகேஷன் பாடத்துல வர்ற அதே ஐடியாதான்.

எழுபதுகளில் பீட்டா. கணக்கு சிம்பிள்: மூணு மொழி, மூணு மெஷின்னா ஒன்பது கம்பைலர். நடுவுல ஒரு பொது மொழி இருந்தா மூணு முன்பக்கம், மூணு பின்பக்கம், ஆறு போதும். அதைவிடப் பெரிய ஆசை, ஆப்டிமைசேஷனை எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே தடவை எழுதிவிடலாம் என்பது.

சிக்கலும் அங்கேதான். நடுமொழி மெஷினுக்குக் கிட்டே இறங்கினா, லூப், அர்ரே பற்றிய தகவல் கரைஞ்சு போய் ஆப்டிமைசருக்கு ஒண்ணும் மிஞ்சாது. மேலேயே நின்னா, ஒவ்வொரு மொழியின் வினோதத்துக்கும் இடம் கொடுத்துக் கொடுத்து அதுவே பெருத்துடும். எர்ஷோவ் குழு எடுத்ததோ பிஎல்/1, அல்கால் 68, சிமுலா 67 மாதிரி ராட்சதர்களை! சிமுலா வந்து சேர்ந்தது. பின்னாடி பாஸ்கலும் மாடுலா-2-வும் சேர்ந்தன. மத்த ரெண்டும் கரை ஏறல. என்னைக் கேட்டா, இதைத் தோல்வின்னு எழுத மனசு வரல.

கடைசி வருஷங்களில் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பினார். 1985-ல் சோவியத் பள்ளிகளுக்கான கணினிப் பாடநூலை உருவாக்கினார். பல பள்ளிகளில் அப்போ கணினியே கிடையாது. 1988 டிசம்பரில், 57 வயதில் இறந்தார். எல்எல்விஎம் தொடங்க இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது.