ரோட் ஐலண்டை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ்

அமெரிக்க ஐக்கிய மாகாணங்கள் ஐம்பதனுள்ளும் பரப்பிற் சிறியது ரோட் ஐலண்டு. அதன் நீளம் ஏறக்குறைய 48 மைல். அகலம் 37 மைல். பூகோள படத்தில் அதனை ஒரு சுண்டுவிரலால் மறைத்துவிடலாம். இம்மாகாணத்தின் தலைநகராகிய பிராவிடன்ஸுக்குச் செல்லும் யாத்திரிகன், ரோஜர் வில்லியம்ஸ் என்னும் பெயரைச் சோலைகளிலும் சதுக்கங்களிலும் கற்பலகைகளிலும் காண்பான். ஆயின், அவர் வசித்த வீடு எங்கேயென்று வினவினால் அது எரிந்துபோயிற்று என்பர். அவருடைய உருவப்படம் எங்கேயென்றால், அவர் காலத்தில் எழுதப்பெற்ற படம் ஒன்றேனும் இல்லை. கல்லறை எங்கேயென்று கேட்போர்க்கு ஓர் ஆப்பிள் மரத்தின் வேரைக் காட்டுவர். அவ்வேரின் கதையைப் பின்னர்க் கூறுவோம். இத்துணைச் சுவடின்றி மறைந்த ஒருவர் ஒரு மாகாணம் முழுவதற்கும் தந்தையெனப் போற்றப்படுவது எங்ஙனம் என்பதையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

வில்லியம்ஸ் 1603-ஆம் ஆண்டையொட்டி லண்டன் மாநகரில் ஒரு துணி வணிகர் வீட்டிற் பிறந்தார். இளம் பிராயத்திலேயே சுருக்கெழுத்தில் வல்லவராகி, நட்சத்திர மண்டபம் என வழங்கிய அரச நீதிமன்றத்தில் நடைபெறும் விசாரணைகளைக் குறித்தெழுதி வந்தார். முன்னர்ப் பிரதம நீதிபதியாயிருந்த சர் எட்வர்ட் கோக் என்பார் அச்சிறுவனுடைய திறமையை வியந்து, அவனைச் சார்ட்டர்ஹவுஸ் பாடசாலைக்கு அனுப்பினார். பின்னர் வில்லியம்ஸ் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெம்புரோக் கல்லூரியிற் கற்று 1627-இல் பட்டம் பெற்றார். மதவிஷயத்தில் அரசனோடு மாறுபட்டோர் எத்தகைய தண்டனைகளுக்கு உள்ளாயினர் என்பதை அந்நீதிமன்றத்தில் அவர் கண்ணாரக் கண்டிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர் கொண்ட கொள்கைக்கு விதை அங்கேயே விழுந்தது போலும்.

1629-இல் மேரி பர்னார்டு என்னும் மாதை மணந்து, அடுத்த ஆண்டு டிசம்பரில் மனைவியுடன் லயன் என்னும் கப்பலேறி, 1631 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை அடைந்தார். கற்றறிந்த குரு ஒருவர் வந்தாரென்று பாஸ்டன் சபையார் மகிழ்ந்து, அவரைத் தங்கள் போதகராயிருக்குமாறு வேண்டினர். வேறொருவராயின் அதனைப் பெரும்பேறெனக் கொண்டிருப்பர். இவரோ, அச்சபை இங்கிலாந்துத் திருச்சபையினின்றும் முற்றிலும் பிரியவில்லை என்று காரணங்கூறி மறுத்துவிட்டார். பிடிவாதம் அவர்க்கு உடன்பிறந்த குணம். அதனை மறைத்தெழுதுதல் சரித்திரமாகாது.

சேலம், பிளிமத் ஆகிய ஊர்களில் அவர் பணிபுரிந்த காலத்தில் அவருடைய கருத்துக்கள் அதிகாரிகளைக் கலங்கச் செய்தன. அமெரிக்க நிலம் அங்கு வாழும் பூர்வகுடிகளுக்கே உரியது; அதனை விலைகொடுத்தோ உடன்பட்டோ பெறுதல் வேண்டுமேயன்றி, இங்கிலாந்து மன்னன் எழுதிக்கொடுத்த பட்டயத்தால் அது ஒருவருக்கும் உரிமையாகாது என்பது ஒன்று. பத்துக் கற்பனைகளில் மனிதன் கடவுளுக்குச் செய்யவேண்டிய கடமைகளைக் கூறும் முதற்பலகையை நிறைவேற்றத் துரைத்தனத்தாருக்கு அதிகாரமில்லை என்பது மற்றொன்று. கொலை, களவு முதலியவற்றை அரசு தண்டிக்கலாம். வழிபாட்டையும் நம்பிக்கையையும் அது தொடலாகாது என்றார். இக்காலத்தில் நாம் இதனை வெகு சாதாரணமாகக் கேட்கிறோம். அக்காலத்திலோ, மதத்தைக் காவாத அரசு அரசன்று என்பதே ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த எண்ணம். 1635 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மன்றம் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. அவர் அப்போது நோயுற்றிருந்தார். அவர்தம் இரண்டாம் மகளும் அக்காலத்தேதான் பிறந்தாள். எனவே, வாய் திறவாமலிருந்தால் வசந்தகாலம் வரையில் தங்கலாமென்று தவணை தந்தனர். வாய் திறவாமலிருத்தல் அவரால் ஆகாத காரியம். வீட்டிற்கு வந்தவர்களுக்கு முன்போலவே போதித்து வந்தார். அதனை அறிந்த மன்றத்தார், அவரைப் பிடித்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடத் தளகர்த்தர் அண்டர்ஹில் என்பவரை 1636 ஜனவரியில் ஏவினர். அவர் சேலத்தை அடைந்தபோது, வில்லியம்ஸ் வீட்டைவிட்டு வெளியேறி மூன்று நாட்கள் கழிந்திருந்தன. நரகான்செட் குடாவின் பக்கமாகச் செல்லுமாறு அவர்க்கு இரகசியமாக அறிவுரை கூறியவர், மாசசூசெட்ஸின் பெருந்தலைவராகிய ஜான் வின்த்ரப் அவர்களே.

நியூ இங்கிலாந்தின் குளிர்காலத்தை அறிந்தோர், அப்பிரயாணத்தின் கொடுமையை உணர்வர். முழங்காலளவு பனியில், உணவும் படுக்கையும் இன்னவென்று தெரியாமல், பதினான்கு வாரங்கள் அலைந்ததாக வில்லியம்ஸ் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். கிறிஸ்தவர்களால் துரத்தப்பட்ட அவரைக் காத்தவர்கள், அவர்கள் காட்டுமிராண்டிகள் என்று இகழ்ந்த பூர்வகுடிகளே. வாம்பனாக் குலத்தலைவர் மாசசோயிட் அவர்க்கு இடமளித்தார். அவர்களுடைய மொழியை வில்லியம்ஸ் ஏற்கெனவே புகைநிறைந்த அவர்தம் குடிசைகளில் தங்கிக் கற்றிருந்தார். அக்கல்வி அப்போது உயிர் காத்தது.

வசந்தத்தில் சீக்காங்க் ஆற்றின் கீழ்க்கரையில் விதைத்துக் குடிசை கட்டத் தொடங்கினார். அவ்விடம் தங்கள் எல்லைக்குட்பட்டதெனப் பிளிமத்தார் நயமாகத் தெரிவித்தனர். பயிர் விளையுமுன்னே மறுபடியும் புறப்பட வேண்டியதாயிற்று. சில தோழருடன் ஓடமேறி அவர் மேல்கரையை அணுகியபோது, கரையோரத்துக் கற்பாறையொன்றின் மேல் நின்ற நரகான்செட் மக்கள் தோழமையுடன் நலம் விசாரித்து வரவேற்றனர் என்பது அந்நாட்டின் ஐதிகம். அப்பாறையை நகரத்தார் இருநூறாண்டுகளுக்கு மேலாகப் போற்றி வந்தனர். மண்மூடியிருந்த அதன் அடிப்பாகத்தையும் வெளிப்படுத்திக் காட்டவேண்டுமென்ற ஆசையால் 1877-இல் வெடிமருந்து வைத்த நகரத்து வேலையாட்கள், அளவு தவறிப் பாறையையே தகர்த்துவிட்டனர்! அன்பின் மிகுதியால் அழிந்த நினைவுச் சின்னங்களுள் இஃதொன்று. சிதறிய துண்டுகள் ஞாபகப் பொருள்களாக விலைபோயின. இப்போது அவ்விடத்தில் 1906-இல் நாட்டிய ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஆறும் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டு விலகிப்போய்விட்டது.

அவர்கள் மேலும் சென்று, ஒரு நன்னீர் ஊற்றின் அருகே குடியேறினர். கடவுளின் பராமரிப்பால் வந்து சேர்ந்த இடமாதலின், அப்பொருள்படவே அதற்குப் பிராவிடன்ஸ் என்று பெயரிட்டார். நிலத்தை நரகான்செட் தலைவர்களான கனானிக்கஸும் மியாண்டோனமியும் கொடுத்தனர். 1638-இல் பத்திரமும் எழுதப்பட்டது. பணத்தால் அன்று, அன்பினாலேயே அந்நிலம் கிடைத்தது என்று வில்லியம்ஸ் எப்போதும் கூறிவந்தார். குடியேறியவர்கள் பெரும்பான்மையோர் முடிவுக்குக் கீழ்ப்படிவதாக எழுதிய உடன்படிக்கையில், உலகியற் காரியங்களில் மட்டுமே என்னும் ஒரு சிறு வரம்பைச் சேர்த்தனர். அவ்வரம்பே அவ்வூரின் அஸ்திவாரம். ஊற்றிருந்த இடத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1965-இல் தேசிய நினைவிடமாக்கியது. நாலரை ஏக்கர் பரப்புள்ள அப்புல்வெளியில், ஊற்றின் இடம் ஒரு கற்கிணற்றால் குறிக்கப்பட்டுள்ளது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஓங்கி நிற்பது அமெரிக்காவின் முதற் பாப்டிஸ்டு ஆலயம். இச்சபை 1638-இல் வில்லியம்ஸைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது; இப்போதுள்ள அழகிய கட்டடம் 1775-இல் முடிந்தது. ஆனால், அவர் அச்சபையில் இருந்ததோ சில மாதங்களே. உண்மையான சபை இவ்வுலகில் யாண்டும் இல்லையென்ற ஐயம் மேலிட்டு, அதனினின்றும் விலகி, இறுதிவரை எச்சபையிலும் சேராது தேடுபவராகவே வாழ்ந்தார்.

பிராவிடன்ஸின் செய்தி பரவ, பிற ஊர்களிற் புகலிழந்தோர் அப்பக்கம் வரலாயினர். ஆன் ஹச்சின்சன் அம்மையாரும் அவரைச் சார்ந்தோரும் 1638-இல் போர்ட்ஸ்மத்தை நிறுவினர். மறு ஆண்டு நியூபோர்ட் தோன்றியது. சுற்றியுள்ள குடியேற்றங்கள் இவற்றை விழுங்கக் காத்திருந்தமையால், சட்டபூர்வமான பட்டயம் பெற வில்லியம்ஸ் 1643-இல் இங்கிலாந்து சென்றார். அக்கடற்பயணத்திலே அவர் எழுதிய நரகான்செட் மொழிநூல் அவ்வாண்டே லண்டனில் அச்சேறிற்று. சொற்களை வெறும் பட்டியலாக அடுக்காமல், உண்ணல், உறங்கல், விருந்தோம்பல், மணம், மரணம் என வாழ்க்கையின் துறைகளுக்கேற்ப வகுத்து எழுதினார். பூர்வகுடிகளின் விருந்தோம்பலைக் கூறுமிடங்களில், தம்மவரை வெட்கச் செய்யும் நோக்கமும் புலனாகிறது. அம்மொழி வழக்கொழிந்த பின்னர், அதனை மீண்டும் கற்க விழையும் நரகான்செட் மக்களுக்கே இந்நூல் இன்றியமையாததாயிற்று.

1644 மார்ச்சில் பட்டயம் கிடைத்தது. அவ்வாண்டே, மனச்சாட்சியைத் துன்புறுத்துவதை எதிர்த்து ஒரு பெருநூலையும் வெளியிட்டார். யூதர், துருக்கர், கத்தோலிக்கர், கடவுளை ஏலாதார் எவராயினும் வழிபாட்டில் கட்டாயப்படுத்தலாகாது என அது வாதித்தது. அந்நூலைத் தீயிலிடுமாறு பாராளுமன்றம் கட்டளையிட்டது. ஆசிரியரோ அதற்குள் தாயகம் நீங்கிவிட்டார். பட்டயத்துடன் அவர் சீக்காங்க் கரையை அடைந்தபோது, பதினான்கு ஓடங்கள் எதிர்கொண்டு அவரை நடுவில் வைத்து அழைத்துச் சென்றன.

இம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நியூபோர்ட்டின் தலைவர் காடிங்டன், தீவுப் பகுதிக்குத் தாமே ஆயுட்கால அதிபதி என்று தனி ஆணை பெற்றார். அதனை மாற்ற மறுபடியும் இங்கிலாந்து செல்லவேண்டி, விக்ஃபோர்டு அருகிலிருந்த தம் வர்த்தக நிலையத்தை, தம் குடும்பத்தின் சீவனத்தையே, 1651-இல் விற்றார். லண்டனில் கவி மில்டனுக்கு டச்சு மொழி கற்பித்து, அவரிடம் பிறமொழிகள் பயின்றார். 1654-இல் திரும்பி, மூன்றாண்டுகள் குடியேற்றத்தின் தலைவராயிருந்தார். மனச்சாட்சியின் பெயரால் படைக்கடமையையும் மறுக்கத் தொடங்கிய சிலர்க்கு, அரசைக் கப்பலாக உருவகித்து விடையெழுதினார். பல மதத்தினர் ஒரு கப்பலிற் செல்லலாம். கப்பலின் பிரார்த்தனைக்கு எவரையும் இழுக்கலாகாது. ஆயினும் கப்பலைச் செலுத்துவதும் ஒழுங்கைக் காப்பதும் மாலுமித் தலைவனுடைய அதிகாரம் என்பது அதன் கருத்து.

அவருடைய கொள்கைக்கு உண்மையான சோதனையாக வந்தவர்கள் குவேக்கர்கள். அவர்களுடைய உபதேசத்தை அவர் மனமார வெறுத்தார். அவர்களைத் துரத்துமாறு 1657-இல் அயற்குடியேற்றங்கள் வற்புறுத்தியபோதோ, ரோட் ஐலண்டு உடன்படவில்லை. பாஸ்டன் நகரத்தார் 1659 முதல் 1661 வரையில் குவேக்கர் நால்வரைத் தூக்கிலிட்டனர். வில்லியம்ஸ் கையாண்ட முறை வேறு. 1672-இல், ஏறக்குறைய எழுபது வயதில், நாள் முழுதும் தாமே துடுப்பு வலித்து, நள்ளிரவையொட்டி நியூபோர்ட் சேர்ந்து, அவர்களுடன் மூன்று நாட்கள் வாதமிட்டார். வாதத்திற் கண்ணியம் குறைந்ததுண்டு. கயிறோ சாட்டையோ வெளிவரவில்லை. அந்நியூபோர்ட்டிலேயே யூதர்களும் குடியேறினர். 1763-இல் அவர்கள் பிரதிட்டை செய்த ஜெபாலயம், அமெரிக்காவில் இன்றும் நிலைத்துள்ள யூத ஆலயங்களுள் மிகப் பழையது.

இனிக் கூறவேண்டுவது வருத்தந்தரும் பகுதி. 1675-இல் பிலிப்பு அரசன் போர் எனப்படும் யுத்தம் மூண்டது. அவ்வாண்டு டிசம்பர் 19-ஆம் நாள், ஆங்கிலப் படையினர் நரகான்செட் மக்கள் பெண்டு பிள்ளைகளுடன் தங்கியிருந்த சதுப்புநிலக் கோட்டையைத் தீக்கிரையாக்கினர். 1676 மார்ச்சில் நரகான்செட் வீரர் பிராவிடன்ஸை எரித்தனர். வில்லியம்ஸின் வீடும் அதிற் போயிற்று. முதியவர் கோலூன்றித் தனியே சென்று அவர்களிடம் பேசினாரென்றும், அவர் மேல் அவர்கள் கை வைக்கவில்லையென்றும் கூறுவர். நாற்பதாண்டு நட்பு அவ்விடத்தில் முடிந்தது. அதனினும் துயரமானது பின் நிகழ்ந்தது. அவ்வாண்டு பிடிபட்ட பூர்வகுடிகளைக் குறித்த காலம் அடிமை வேலைக்கு விற்க ஏற்பாடு செய்த ஊர்க்குழுவில், வில்லியம்ஸ் கையொப்பமிட்டார். பசித்து வந்தவனுக்குப் பனியில் இடமளித்த குலங்களின் மக்கள் அவர்கள். காலத்தின் வழக்கமென்று சொல்லி இதனை மறைப்போருமுண்டு. காலத்தின் வழக்கங்களை எதிர்த்தே பெருமை பெற்றவர்க்கு அச்சமாதானம் பொருந்தாது.

1683-இன் தொடக்கத்தில் வறியவராய் இறந்து, தம் நிலத்திலேயே அடக்கமானார். குறிக்கல் இல்லாமையால் இடமும் மறந்துபோயிற்று. 1860-இல் ஆர்வலர் சிலர் தோண்டிப் பார்த்தபோது, எலும்புகள் இல்லை. அருகிருந்த ஆப்பிள் மரத்தின் வேரொன்று குழியிற் புகுந்து, முதுகெலும்பு போல் நீண்டு, இடுப்பளவில் இரண்டாகப் பிரிந்து, பாதம் இருக்குமிடத்தில் மேல்நோக்கி வளைந்து கிடந்தது. அவ்வேரைச் சரித்திரச் சங்கத்தார் ஜான் பிரௌன் என்பவர் 1788-இல் கட்டிமுடித்த மாளிகையில் பாதுகாத்தனர். அந்தப் பிரௌன் அடிமை வர்த்தகத்திற் பொருளீட்டியவர். சுதந்தரத்தின் வேரை வைக்க ரோட் ஐலண்டில் கிடைத்த வீடு அது!

குழியில் கிடைத்த மண்ணை எடுத்து, பல கை மாறிய பின், 1939-இல் நகரின் மேட்டிலுள்ள பிராஸ்பெக்ட் டெரஸில் எழுப்பிய கற்சிலையின் கீழ் வைத்தனர். முகம் சிற்பியின் கற்பனை. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1936-இல், அவரை நாடுகடத்திய தீர்ப்பை மாசசூசெட்ஸ் சட்டசபை நீக்கியது. சிலை கைநீட்டி நிற்கும் திசையில், பள்ளத்தாக்கிற்கு அப்பால், மாகாண அரசமாளிகையின் வெண்மாடம் தெரிகிறது. மதவிஷயத்தில் வேறுபடுவோரைத் தண்டிக்கலாகாதென்று இரண்டாம் சார்லஸ் மன்னன் 1663-இல் அளித்து, 1843 வரையில் அம்மாகாணத்தின் சட்டமாக நின்ற பட்டயம், அம்மாளிகையிலே வைக்கப்பட்டுள்ளது.